பி12-ஐச் சமைப்பது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அத்தைக்கு உள்ளங்கால் மரத்துப்போகத் தொடங்கியது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவு என்று வந்தது. செவிலியர் பழுப்புக் கண்ணாடிக் குப்பியின் கழுத்தை ஒடித்து மருந்தை ஊசியில் இழுத்தபோது, உள்ளே மாதுளைச் சாறுபோல் சிவப்பாக ஏறியது. "இது என்னடா, ரத்தமா?" என்றார் அத்தை. நுண்ணுயிரியல் படித்த மருமகன் பக்கத்தில் நின்றால் கேள்வி ஒன்றோடு நிற்குமா? அத்தை கேட்டவையும், பிறகு உறவினர்களும் நண்பர்களும் கேட்டவையும் இங்கே.

அந்தச் சிவப்பு எதனால் வருகிறது?

கோபால்ட் என்ற உலோகத்தாலும் அதைச் சுற்றியிருக்கும் கோரின் என்ற வளையத்தாலும். இரண்டும் சேர்ந்து பச்சை ஒளியை விழுங்கிவிடுவதால் நம் கண்ணுக்குச் சிவப்பு மட்டும் வந்து சேர்கிறது. உலோகம் ஒன்றைத் தன் நடுவில் வைத்திருக்கும் வைட்டமின் இது ஒன்றுதான். அளவிலும் இதுதான் மிகப் பெரியது. வைட்டமின் சி-யில் இருப்பவை 6 கார்பன் அணுக்கள், பி12-இல் 63.

இதன் வடிவத்தைக் கண்டுபிடித்தவர் ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய டோரதி ஹாட்ஜ்கின். எக்ஸ் கதிர்களைப் படிகத்தின் வழியே செலுத்தி, சிதறும் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இடத்தைக் கணக்கிட்டார். 1948-இல் கிடைத்த படிகத்தின் முழு வடிவம் 1950-களின் நடுவில்தான் தெளிந்தது. 1964-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்தப் பணியும் முக்கியக் காரணம்.

பி12 இறைச்சியிலிருந்து வருவதுதானே?

இறைச்சியில் இருக்கிறது, ஆனால் இறைச்சி அதைச் செய்வதில்லை. ஆடும் மாடும் கோழியும் மீனும் பி12-ஐச் செய்யத் தெரியாதவை. செடிகொடிகளுக்கும் தெரியாது, அவற்றுக்கு அது தேவையும் இல்லை. காளான், ஈஸ்ட் எதற்கும் தெரியாது. இந்த உலகத்தில் பி12-ஐச் செய்யத் தெரிந்தவை சில பாக்டீரியாக்களும், ஆர்க்கியா என்ற அவற்றின் தூரத்து உறவினர்களில் சிலவும் மட்டுமே. மற்ற எல்லோரும் கைமாற்று வாங்குபவர்கள். ஈரல் என்பது பி12-இன் கிடங்கு, தொழிற்சாலை அல்ல.

உடலுக்கு அது எதற்கு?

நம் உடலில் இரண்டே இரண்டு நொதிகள் இதை நம்பியிருக்கின்றன. ஒன்று மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் தயாரிப்பில் வேலை செய்வது. அது நின்றால் டி.என்.ஏ. உருவாவது தடைபட்டு ரத்த அணுக்கள் குறைகின்றன. மற்றொன்று சில கொழுப்பு அமிலங்களையும் அமினோ அமிலங்களையும் எரிக்கும் வழியில் இருப்பது. ஒரு நாளைக்குத் தேவை இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் துளிதான் ஒரு மைக்ரோகிராம். ஆனால் அந்த இரண்டு துளி பல ஆண்டுகள் வராமல் போனால் நரம்பின் உறை சிதையும். அத்தையின் உள்ளங்கால் மரத்தது அதனால்தான்.

பாக்டீரியா இதை எப்படிச் செய்கிறது?

ஒரே நொதியால் ஆகிற காரியம் இல்லை. ஏறத்தாழ முப்பது நொதிகள் வரிசையாக நின்று, ஒன்று முடித்ததை அடுத்தது வாங்கிச் செய்ய வேண்டும். நகை செய்யும் பத்தரின் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கப் பொருள் அமினோலெவுலினிக் அமிலம் என்ற எளிய மூலக்கூறு. எட்டு மூலக்கூறுகள் சேர்ந்து நான்கு ஐங்கோண வளையங்களாகின்றன. அந்த நான்கும் கோக்கப்பட்டு ஒரு பெரிய வளையமாகின்றன. இதுவரை புதுமை ஒன்றும் இல்லை. நம் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமும், இலைக்குப் பச்சை தரும் பச்சையமும் இதே வளையத்திலிருந்து கிளைப்பவைதான். இரும்பு ஏறினால் ஹீம், மெக்னீசியம் ஏறினால் பச்சையம், கோபால்ட் ஏறினால் பி12.

இங்கிருந்துதான் பி12-க்கே உரிய வேலை தொடங்குகிறது. வளையத்தின் வெவ்வேறு மூலைகளில் மெத்தில் தொகுதிகளை (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட சிறு துண்டுகளை) ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். மொத்தம் எட்டு முறை. எந்த மூலையில், எந்தப் பக்கமாக, எந்த வரிசையில் என்பதில் பிசகக்கூடாது. ஒவ்வொரு மூலைக்கும் தனி நொதி. ஒரு சில மட்டும் இரண்டு மூலைகளைப் பார்த்துக்கொள்கின்றன.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். நான்கு ஐங்கோணங்களை இணைக்க நான்கு பாலங்கள் இருந்தன அல்லவா? அவற்றில் ஒன்றை நொதி வெட்டி எடுத்துவிடுகிறது. மோதிரம் தளர்வாக இருந்தால் பத்தர் ஒரு துண்டை நறுக்கி எடுத்து மறுபடி பற்றவைப்பாரே, அதே வேலை. அந்தத் துண்டோடு, சிரமப்பட்டு ஒட்டிய எட்டு மெத்திலில் ஒன்றும் போய்விடும். அதை ஒட்டியதே பிறகு வெட்டி எறிவதற்குத்தானா என்று தோன்றும். ஆனால் அந்த மெத்தில் அங்கே இருந்தால்தான் வெட்டும் வேலை நடக்கிறது. வளையம் இறுகிய பிறகு அதற்குப் பெயர் கோரின்.

எல்லாப் பாக்டீரியாக்களும் ஒரே முறையில்தான் செய்கின்றனவா?

இல்லை. இரண்டு பட்டறை மரபுகள் உண்டு. ஆக்சிஜன் உள்ள இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் மோதிரத்தை முழுதாகச் செய்து, இறுக்கி, கடைசியில் கல்லைப் பதிப்பதுபோல் கோபால்ட்டை ஏற்றுகின்றன. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழ்பவை கல்லை முதலிலேயே வைத்துவிட்டு அதைச் சுற்றி மோதிரத்தை இறுக்குகின்றன. முதல் வகையில் வளையத்தை வெட்டுவதற்கு ஆக்சிஜன் தேவைப்படுகிறது. வெட்டப்பட்ட துண்டு அசிட்டிக் அமிலமாக வெளியேறுகிறது, அதாவது வினிகரின் புளிப்பு. இரண்டாவது வகையில் அதே துண்டு அசிட்டால்டிஹைடாக வெளியேறுகிறது.

ஆக்சிஜன் வழியின் மரபணுக்களும் நொதிகளும் 1990-களில் பெரும்பாலும் வெளிச்சத்துக்கு வந்தன. மற்ற வழியின் இடைநிலைகள் எளிதில் சிதைபவை என்பதால் அது முழுமையாகப் பிடிபட 2013 வரை ஆனது.

பிளூபி என்ற நொதியைப் பற்றி ஏன் அவ்வளவு பேசினார்கள்?

மேலே சொன்ன மோதிரம் பி12-இன் பாதிதான். கோபால்ட்டுக்குக் கீழே ஒரு தாங்கி உண்டு. அதன் பெயர் டைமெத்தில்பென்சிமிடசோல். நாக்கு சுளுக்கிக்கொள்ளும் பெயர் என்பதால் இனி 'அடித்தாங்கி' என்றே சொல்கிறேன். மோதிரம் செய்யும் நொதிகளெல்லாம் ஒவ்வொன்றாக அடையாளம் காணப்பட்ட பிறகும், இந்தச் சிறிய அடித்தாங்கி எப்படி வருகிறது என்பது மட்டும் புதிராகவே நின்றது. அது ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2-இலிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தது. எந்த நொதி அதைச் செய்கிறது என்று தெரியவில்லை.

விடை வந்தது மருத்துவ ஆய்விலிருந்து அல்ல, தீவனப்பயிரிலிருந்து. நம் ஊரில் மாட்டுக்குப் போடும் குதிரைமசால் இருக்கிறதே, அதன் வேர் முடிச்சுகளில் சைனோரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துக் கொடுக்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் கிரஹாம் வாக்கரின் குழு, இந்தக் கூட்டு வாழ்க்கைக்கு எந்தெந்த மரபணுக்கள் அவசியம் என்று தேடிக்கொண்டிருந்தது. ஒரு மரபணு பழுதான பாக்டீரியாவுக்குச் செடியோடு குடித்தனம் நடத்த முடியவில்லை. அந்த மரபணுதான் பிளூபி. அடித்தாங்கியை வெளியிலிருந்து கொடுத்ததும் பாக்டீரியா தேறியது. அப்படியென்றால் பிளூபி இல்லாமல் அடித்தாங்கி இல்லை.

அடுத்து மிச்சிகோ டாகாவும் உடன் பணியாற்றியவர்களும் அந்த நொதியை மட்டும் பிரித்தெடுத்து, என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். 2007-இல் நேச்சர் இதழில் முடிவு வந்தது. பிளூபி ஒற்றை ஆளாக, பி2-இலிருந்து உருவான எஃப்.எம்.என். என்ற மூலக்கூறைப் பிடித்து, ஆக்சிஜனின் துணையோடு கிழித்துப் போடுகிறது. எஃப்.எம்.என்-இல் மூன்று வளையங்கள் ஒட்டியிருக்கும், ஐந்து கார்பன் கொண்ட ஒரு வாலும் தொங்கும். நொதி வளையங்களை உடைக்கிறது. வாலின் முதல் கார்பனை மட்டும் நறுக்கி எடுத்து அடித்தாங்கியில் வைக்கிறது. மீதி நான்கு கார்பன்களை ஒரு சர்க்கரைத் துண்டாக விட்டுவிடுகிறது. ஒரு வைட்டமினை அடித்துத்தான் மற்றொரு வைட்டமினின் உதிரிபாகம் செய்யப்படுகிறது. அந்த ஆய்வாளர்களே தங்கள் கட்டுரைத் தலைப்பில், ஃபிளேவினை நொதி தின்றுவிடுகிறது என்ற பொருள்படும் சொல்லைத்தான் போட்டார்கள். வழக்கமாக ஃபிளேவின் என்பது நொதிகளின் கையிலிருக்கும் உளி. எத்தனையோ நொதிகள் அதை வைத்து வேலை செய்துவிட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்கின்றன. உளியையே மரமாக அறுத்துவிடும் தச்சனை இதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

ஆக்சிஜன் இல்லாத பாக்டீரியா அப்போது என்ன செய்யும்?

பிளூபி அவற்றுக்குப் பயன்படாது. அவை முற்றிலும் வேறொரு மூலப்பொருளிலிருந்து, வேறு நொதிகளை வைத்து அதே அடித்தாங்கியைச் செய்கின்றன. அந்த மரபணுத் தொகுப்பு 2015-இல் வெளிவந்தது; அதிலும் டாகாவின் பங்கு உண்டு.

இவ்வளவு சின்னத் துண்டு வேறாக இருந்தால் என்ன கெட்டுவிடும்?

எல்லாமே கெட்டுவிடும். நம் வயிற்றில் சுரக்கும் ஒரு புரதம்தான் பி12-ஐப் பிடித்துச் சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அது அடித்தாங்கியைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. பல பாக்டீரியாக்கள் அந்த இடத்தில் அடினைன் என்ற வேறொரு மூலக்கூறை வைத்து ஒரு வகைப் 'போலி பி12' செய்கின்றன. அவற்றுக்கு அது போதும். நம் புரதம் அதைக் கிட்டத்தட்ட திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஸ்பைருலினா மாத்திரை விற்பவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். டப்பாவின் மேல் பி12 என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஸ்பைருலினா ஒரு சயனோபாக்டீரியா. அதில் இருப்பது பெரும்பாலும் இந்தப் போலிதான். பழைய பரிசோதனை முறைகள் சிலவற்றில், மாதிரியைத் தின்று வளரும் பாக்டீரியாவைக் கொண்டே பி12 அளந்தார்கள். அந்தப் பாக்டீரியாவுக்குப் போலியும் அசலும் ஒன்றுதான். அதனால் அளவு ஏகமாகக் காட்டும்.

நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கிறதே, அது செய்து தராதா?

செய்கிறது. ஆனால் இடம் தப்பிவிட்டது. பாக்டீரியாக் கூட்டம் நெருக்கியடித்து வாழ்வது பெருங்குடலில். பி12-ஐ உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசல் அதற்கு முன்னால், சிறுகுடலின் முடிவில். வாசலைத் தாண்டிய பிறகு சரக்கு வந்தால் யாருக்கு லாபம்? கழிவோடு போய்விடுகிறது. முயல் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது: தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்றுவிடும். நமக்கு அந்த வழி வேண்டாம்.

இங்கே நம் வேலூருக்கு ஓர் இடமுண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகியோர், ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் பாக்டீரியாக்களை ஆராய்ந்து 1980-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா வகைகளில் சில கணிசமாக பி12 செய்வதைக் கண்டார்கள். சிறுகுடல் என்றால் வாசலுக்கு முன்னால். ஆகவே கொஞ்சம் உடலில் சேர வாய்ப்பு உண்டு. அதை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா என்றால், கூடாது என்பேன். அப்படிச் சேர்வது போதுமானதாக இருந்தால் நம் சைவ வீடுகளில் இவ்வளவு பேருக்குக் குறைவு வந்திருக்காது.

ஆடும் மாடும் புல்லைத்தானே தின்கின்றன? அவற்றுக்கு எப்படி?

அவற்றுக்குப் பாக்டீரியா குடியிருக்கும் வயிறு வாசலுக்கு முன்னால் இருக்கிறது. முதல் இரைப்பையில் பாக்டீரியா செய்த பி12 ஒழுங்காகக் கீழே இறங்கிச் சிறுகுடலைச் சேர்கிறது. மாடு என்பது நான்கு கால் கொண்ட நொதிக்கலன், அதாவது பாக்டீரியா வளர்க்கும் தொட்டி.

ஆனால் மண்ணில் கோபால்ட் இல்லையென்றால் அந்தப் பாக்டீரியாவுக்குக் கல் இல்லாத பத்தரின் கதிதான். ஆஸ்திரேலியாவின் தென்கரையில் ஆடுகள் பச்சைப் புல் நிறைந்த மேய்ச்சலில் நின்றுகொண்டே மெலிந்து செத்தன. கடலோர நோய் என்று பெயர் வைத்தார்கள். 1935 வாக்கில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், குறைவது கோபால்ட் என்று கண்டுபிடித்தார்கள். பி12 என்ற பொருள் தனியாகப் பிரிக்கப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முந்தைய கதை இது. ஆட்டுக்குக் கோபால்ட் ஏன் வேண்டும் என்று தெரியாமலே கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

இட்லி மாவு, பழைய சோறு, தயிர் இவற்றில் பி12 உண்டா?

பழைய சோற்றில் பி12 பொங்கி வழிகிறது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் வலம் வருகிறது. பழைய சோறு எனக்கும் பிடிக்கும். சின்ன வெங்காயத்தோடு இன்னும் பிடிக்கும். ஆனால் புளிக்கவைக்கும் பாக்டீரியா எல்லாம் பி12 செய்யும் பாக்டீரியா அல்ல. இட்லி மாவைப் பொங்கவைக்கும் லூக்கோனோஸ்டாக்கிடம் அந்த முப்பது நொதிப் பட்டறை கிடையாது. லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களில் ரூட்டரி போன்ற மிகச் சிலவற்றுக்கே அந்தத் திறன் உண்டு. அவை செய்வதிலும் போலி வகை அதிகம்.

தயிரில் இருப்பது பாலில் ஏற்கெனவே இருந்தது. சைவம் உண்பவர்களுக்குப் பாலும் மோரும் தயிரும்தான் உணவில் கிடைக்கும் நல்ல வழி. பாலையும் தவிர்ப்பவர்கள் மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

மாத்திரையில் உள்ள பி12 எங்கே செய்யப்படுகிறது?

பெரிய நொதிக்கலன்களில், பாக்டீரியாவைக் கொண்டே. அதிகம் பயன்படுபவை சூடோமோனாஸ் டினைட்ரிஃபிகன்ஸ், புரோப்பியானிபாக்டீரியம் ஃபிராய்டன்ரைக்கி என்ற இரண்டு. பின்னதை உங்களுக்குத் தெரியாமலே பார்த்திருப்பீர்கள்: சுவிஸ் பாலாடைக்கட்டியில் ஓட்டைகள் இருக்குமே, அது விடும் கரியமில வாயுவால் வந்தவை.

இதை வளர்க்கும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் சில நாட்கள் காற்று இல்லாமல் வளர்ப்பார்கள். அப்போது மோதிரம் தயாராகும். பிறகு மெல்லக் காற்றை விடுவார்கள். ஏன்? அடித்தாங்கி செய்ய இந்தப் பாக்டீரியாவும் பிளூபி வகை நொதியைத்தான் வைத்திருக்கிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். நொதியின் பெயர் தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொழிற்சாலைக்காரர்கள் அனுபவத்தில் இதைப் பிடித்துவைத்திருந்தார்கள்.

வேதியியலாளர்கள் ஆய்வகத்தில் நேரடியாகச் செய்ய முடியாதா?

செய்தார்கள். ஹார்வர்டில் உட்வர்டும் சூரிச்சில் எஷன்மோசரும் சேர்ந்து, ஏறத்தாழ நூறு ஆய்வாளர்களை வைத்துக்கொண்டு, பத்தாண்டுக்கு மேல் உழைத்து 1972-இல் முடித்தார்கள். வேதியியலின் இமயம் என்று இன்றும் பேசுகிறார்கள், நியாயம்தான். ஆனால் அந்த வழியில் ஒரு மாத்திரைகூடக் கடைக்கு வரவில்லை. 2018-இல் இன்னொரு வழி திறந்தது: பல பாக்டீரியாக்களிலிருந்து 28 மரபணுக்களை எடுத்து, பி12-ஐத் தொடக்கத்திலிருந்து செய்யத் தெரியாத ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வைத்து அதையும் செய்யவைத்தார்கள்.

மாத்திரையில் உள்ள பி12-ஐச் சயனோகோபாலமின் என்கிறார்களே, அதில் சயனைடு இருக்கிறதா?

இருக்கிறது. பிரித்தெடுக்கும்போது நிலையாக நிற்பதற்காகச் சேர்க்கிறார்கள். ஆயிரம் மைக்ரோகிராம் மாத்திரையில் ஏறத்தாழ 19 மைக்ரோகிராம். பெரும்பாலானவர்களுக்கு உடல் அதைச் சிரமமின்றிக் கழித்துவிடும். வேடிக்கை என்னவென்றால், சயனைடு இல்லாத பி12 வடிவமான ஹைட்ராக்சோகோபாலமினைச் சயனைடு விஷம் ஏறியவர்களுக்கு முறிவு மருந்தாகவே ஏற்றுகிறார்கள். கோபால்ட் அவ்வளவு ஆவலோடு சயனைடைப் பிடித்துக்கொள்ளும்.

பி12 வடிவங்களில் மெத்தில்கோபாலமின்தான் உயர்ந்தது என்கிறார்களே?

கடைக்காரர் சொல்லியிருப்பார். எந்த வடிவில் போனாலும் செல், கோபால்ட்டின் மேலே ஒட்டியிருக்கும் தொகுதியைக் கழற்றிவிட்டுத் தனக்கு வேண்டியதை மாட்டிக்கொள்ளும். மெத்தில் வடிவத்துக்கு ஒளி ஆகாது. அத்தையின் மருந்து பழுப்புக் குப்பியில் வந்ததற்குக் காரணம் அதுதான். எதை, எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். நீரிழிவுக்கு நெடுநாளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது; அந்த மருந்து பி12 உடலில் சேர்வதைக் குறைக்கும்.

இது சைவமா, அசைவமா?

அத்தையின் உண்மையான கேள்வி இதுதான், மற்றதெல்லாம் முன்னுரை. பி12 இன்று ஈரலிலிருந்து எடுக்கப்படுவதில்லை, கலனில் வளர்ந்த பாக்டீரியாவிலிருந்து வருகிறது என்றேன். "பாக்டீரியா உயிர்தானே?" என்றார். தயிரில் இருப்பதும் அதன் உறவுதான் என்றேன். சற்று யோசித்தார். மாத்திரையாக வாங்கினால் உறையைப் பாருங்கள், கேப்ஸ்யூல் என்றால் மேலுறை விலங்குத் தோல், எலும்பு இவற்றிலிருந்து செய்த ஜெலட்டினாக இருக்கலாம் என்று சொன்னேன். ஊசிக்கு உறை இல்லையே என்று அடுத்த வாரத்துக்கும் ஊசியையே போடச் சொல்லிவிட்டார்.